இரண்டு அச்சகங்கள் உடைந்த கதை

1833 ஜூலை 20 அன்று, மிசூரி மாநிலத்தின் மேற்கு எல்லையில் உள்ள இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்தில் நானூறு ஐந்நூறு ஆண்கள் கூடினார்கள். எங்கிருந்தோ வந்த ரவுடிக் கூட்டம் அல்ல அது. நீதிபதி, எழுத்தர், தபால் அதிகாரி, சிறை அதிகாரி என்று ஊரின் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்று அவர்கள் கையில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவர்கள் மார்மன்கள் என்ற புதிய மதப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பெல்ப்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியரின் இரண்டு மாடிச் செங்கல் வீட்டை நோக்கிப் போனார்கள். கீழே அவர் குடும்பம், மேலே அச்சகம். நோயில் கிடந்த கைக்குழந்தையோடு அவர் மனைவியை வெளியேற்றினார்கள். மேல் மாடியிலிருந்து அச்சு இயந்திரத்தைக் கீழே தள்ளினார்கள். எழுத்துகளைத் தெருவில் இறைத்தார்கள். பிறகு வீட்டையே இடித்துப் போட்டார்கள்.

அப்போது அச்சில் இருந்தது, தீர்க்கதரிசி என்று மார்மன்கள் நம்பிய ஜோசப் ஸ்மித்துக்கு இறைவன் அருளியதாகச் சொல்லப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. 160 பக்கங்கள் வரை அச்சாகியிருந்தன. தெருவில் எறியப்பட்ட அந்தத் தாள்களை ஒரு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு சிறுமிகள். பதினைந்து வயது மேரி எலிசபெத் ராலின்ஸும் அவள் தங்கை கரோலினும். கூட்டத்தின் கவனம் திரும்பிய நேரத்தில் ஓடிப்போய்க் கை கொள்ளும் அளவு தாள்களை அள்ளிக்கொண்டு பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்தார்கள். துரத்தி வந்தவர்கள் வெகுநேரம் தேடினார்கள். ஆளுயரம் வளர்ந்த பயிருக்கு நடுவே தாள்களைத் தரையில் பரப்பி, அவற்றின் மேல் படுத்துக் கிடந்தார்கள் இருவரும். அப்படித் தப்பிய தாள்களைக் கொண்டு கட்டிய சில பிரதிகள் இன்று அமெரிக்காவின் மிக அரிய நூல்களில் சேரும்.

நான் அச்சகத்தில் வளர்ந்தவன். விருதுநகரில் அப்பா நடத்திய சிறு அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீஸுக்கும் எழுத்துக் கோத்த கைகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கோத்து முடித்த ஒரு பக்கம் கை தவறிக் கீழே விழுந்தால் அந்த அறையே மௌனமாகிவிடும். சிதறிய ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, 'ண'வையும் 'ன'வையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட்டாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அச்சு எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள் என்று படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த வரியைத் தாண்டிப் போக மறுக்கிறது.

மார்மன் வரலாற்றில் அந்த வரி இரண்டு முறை வருகிறது. இரண்டாவது முறை 1844 ஜூன் 10, இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில். அன்று இரவு எட்டு மணி அளவில் இன்னொரு அச்சு இயந்திரம் தெருவுக்கு இழுத்து வரப்பட்டு நொறுக்கப்பட்டது, எழுத்துகள் மண்ணில் கொட்டப்பட்டன. இம்முறை உத்தரவு போட்டவர் நாவூவின் மேயர். அந்த மேயர், ஜோசப் ஸ்மித்.

இந்த இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காதவரை மார்மன் எதிர்ப்பின் வரலாறு பிடிபடாது என்பது என் எண்ணம். ஒரு தரப்பு முதல் சம்பவத்தை மட்டும் சொல்லி, எதிர்த்தவர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று முடித்துவிடுகிறது. மறு தரப்பு இரண்டாவதை மட்டும் சொல்லி, மார்மன்களுக்கு நேர்ந்ததெல்லாம் அவர்களே தேடிக்கொண்டது என்கிறது. கேள்வி கேட்டவர்களையும் கொலை செய்தவர்களையும் 'எதிர்ப்பாளர்கள்' என்ற ஒரே பட்டியலில் சேர்த்ததால் வந்த வினை இது. கேள்வி கேட்டவர்கள்தான் அதில் அதிகம் இழந்தார்கள்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக இருவர் இருவராக நடந்துபோகும் இளம் மார்மன் ஊழியர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்களுடைய திருச்சபையின் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை 1.7 கோடிக்கு மேல் என்று திருச்சபை சொல்கிறது. தொடக்கம் 1830. நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்ற ஊரில், இருபத்து நான்கு வயது ஜோசப் ஸ்மித் 'மார்மன் நூல்' என்ற ஒரு நூலை வெளியிட்டார். தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளில் இருந்த பழங்கால எழுத்தை இறையருளால் மொழிபெயர்த்ததாகச் சொன்னார். 5,000 பிரதிகள். அச்சுக்கூலிக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் பண்ணையை 3,000 டாலருக்கு அடமானம் வைத்தார்.

நூல் வந்த மறு ஆண்டே, 1831இல், முதல் கனமான விமர்சனம் வந்துவிட்டது. எழுதியவர் அலெக்ஸாண்டர் கேம்பெல் என்ற கிறிஸ்தவப் போதகர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, திரித்துவம் உண்மையா, ரகசியச் சங்கங்கள் தகுமா என்று நியூயார்க் மாநிலத்தில் கடந்த பத்து ஆண்டுகளாக நடந்த அத்தனை சர்ச்சைகளுக்கும் இந்தப் பழைய நூலில் தீர்ப்பு இருப்பது எப்படி என்று கேட்டார். நூலைப் படித்து, நூலுக்குள்ளிருந்தே எழுப்பிய கேள்வி. இரு நூற்றாண்டுகள் நெருங்கும் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

1834இல் வந்த ஈபர் ஹோவின் நூல் வேறு வழியில் போனது. திருச்சபையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் பால்மைராவுக்கும் ஓஹையோவுக்கும் அலைந்து திரட்டிய அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலங்கள் அதில் இருந்தன. ஸ்மித்தின் இளமைக் காலத்தைப் பற்றி அவற்றில் பயனுள்ள செய்திகள் உண்டு. ஆனால் அந்த நூல் பரப்பிய பெரிய குற்றச்சாட்டு, சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதி வைத்திருந்த கதையைத் திருடித்தான் மார்மன் நூல் உருவாக்கப்பட்டது என்பது. ஐம்பது ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1884இல் ஹொனலூலுவில் ஒரு பழைய பெட்டிக்குள்ளிருந்து ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதி வெளிப்பட்டது. படித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கேம்பெல்லின் கேள்வியைக் கூர்தீட்டியிருக்க வேண்டிய ஐம்பது ஆண்டுகள் ஒரு வதந்தியைத் துரத்துவதில் போயின.

மிசூரிக்கு வருவோம். இண்டிபெண்டன்ஸ் ஊரார் வெளியிட்ட அறிக்கையில் இறையியல் குறைவு, பயம் அதிகம். புதிதாக வந்தவர்கள் ஏழைகள், கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், ஓட்டுப் போட்டு மாவட்டத்தையே பிடித்துவிடுவார்கள், இந்த மண் தங்களுக்கு இறைவன் கொடுத்தது என்று பேசுகிறார்கள் என்றெல்லாம் முறையிட்டார்கள். அடிமை வைத்திருந்த மாநிலம் மிசூரி. சுதந்திரமான கறுப்பினத்தவர் மிசூரிக்குள் வருவதற்கான சட்ட விதிகளைப் பற்றி பெல்ப்ஸ் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டிருந்தார். அது அவர்களை வரவேற்கும் அழைப்பு என்று ஊரார் கொதித்தார்கள். அச்சகம் உடைந்ததற்கு உடனடிக் காரணம் அதுதான். அதே நாளில் மார்மன்களின் ஆயரான எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் பொது இடத்தில் நிறுத்தப்பட்டு, உடம்பெல்லாம் தார் பூசி இறகு ஒட்டப்பட்டார். நவம்பருக்குள் ஏறக்குறைய 1,200 பேர் குளிரில் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டார்கள்.

(இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பினத்தவரை வரவேற்கிறவர்கள் என்று அடிபட்ட அதே திருச்சபை 1852இல் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று அறிவித்தது. 1836இலேயே எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத்தவர் குருத்துவம் பெற்றிருந்தார் என்பதையும் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தத் தடை 1978 வரை நீடித்தது. 126 ஆண்டுகள். எந்த ஊரார் அடித்தார்களோ அவர்களுடைய மனப்பான்மையே உள்ளே குடியேறிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன்.)

1838இல் மிசூரியின் வடபகுதியில் நடந்தது சிறு போர். அதில் மார்மன்கள் தரப்பில் தவறே இல்லை என்று எழுத என்னால் முடியாது. ஸ்மித்துக்கு அடுத்த நிலையில் இருந்த சிட்னி ரிக்டன் ஜூலை 4 அன்று மேடையேறி, எங்கள் மேல் வரும் கூட்டத்தோடு அழித்தொழிக்கும் போர்தான் என்று முழங்கினார். டேனைட்டுகள் என்ற ரகசியப் படை உருவானது. அதிருப்தியாளர்கள் ஊரைவிட்டு மிரட்டி விரட்டப்பட்டார்கள். அக்டோபரில் கலாட்டின் ஊர் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் தன் தளபதிக்கு எழுதிய உத்தரவு இப்படிப் போனது: மார்மன்களைப் பகைவர்களாக நடத்த வேண்டும், பொது அமைதிக்குத் தேவையானால் அவர்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும்.

ஒரு மாநில அரசு தன் குடிமக்களில் ஒரு மதத்தாரைப் பெயர் சொல்லி எழுதிய உத்தரவு இது. 1976 ஜூன் 25 அன்றுதான், ஆளுநர் கிட் பாண்ட் காலத்தில், முறைப்படி ரத்தானது.

உத்தரவுக்கு மூன்று நாள் கழித்து, ஹான்ஸ் மில் என்ற சிறு குடியிருப்பைக் குதிரைப்படை சூழ்ந்தது. ஆண்களும் சிறுவர்களும் கொல்லன் பட்டறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டறை அது. கட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் துப்பாக்கியைச் செருகிச் சுட்டார்கள். 17 பேர் செத்தார்கள். சுட்டு முடித்து உள்ளே நுழைந்தவர்கள் துருத்திக்கு அடியில் ஒளிந்திருந்த பத்து வயது சார்டியஸ் ஸ்மித்தைக் கண்டார்கள். ஈர் வளர்ந்தால் பேன் ஆகும் என்று சொல்லி அவன் தலையில் சுட்டார்கள். ஆண்கள் இல்லாமல் போனதால், குழி தோண்டக்கூட வழியின்றி, எஞ்சியவர்கள் உடல்களைப் பாதி தோண்டிய ஒரு கிணற்றுக்குள் இறக்கி மூடினார்கள். இந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

எதிர்த்தரப்பிலும் மனிதர்கள் இருந்தார்கள். சரணடைந்த ஜோசப் ஸ்மித்தை மறுநாள் காலை ஃபார் வெஸ்ட் ஊரின் நடுவே சுட்டுக் கொல்லும்படி படைத்தளபதியிடமிருந்து அலெக்ஸாண்டர் டோனிஃபனுக்கு உத்தரவு வந்தது. டோனிஃபன் மார்மன் அல்ல, மாநிலப் படையின் அதிகாரி. இது பச்சைப் படுகொலை, உங்கள் உத்தரவுக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன் என்று எழுத்தில் பதில் அனுப்பிவிட்டுத் தன் படையோடு புறப்பட்டுப் போனார். அந்தக் குளிர்காலத்தில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வந்த அகதிகளுக்கு, இல்லினாயின் குவின்சி ஊரார் வீட்டுக் கதவைத் திறந்து சோறு போட்டார்கள். அந்த ஊரார் யாரும் மார்மன் மதத்தை நம்பியவர்கள் அல்லர். நம்பாமலே ஒருவரைக் காப்பாற்றலாம் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். பள்ளிப் பாடங்களில் பாக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் குவின்சியின் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அடுத்த ஐந்தே ஆண்டுகளில், அந்த அகதிகள் குடியேறிய நாவூ பெரும் நகரமானது. மாநிலச் சட்டமன்றம் அளித்த சாசனத்தின்படி சொந்த நீதிமன்றம், சொந்தப் படை. தீர்க்கதரிசி, மேயர், நகர நீதிபதி, படைத்தலைவர் எல்லாம் ஒருவரே. 1844இல் அவர் அமெரிக்க அதிபர் பதவிக்கும் போட்டியிட்டார். அதே நேரத்தில் உள்வட்டத்தில் ரகசியமாக ஒரு புதிய போதனை பரவிக்கொண்டிருந்தது. ஓர் ஆண் பல பெண்களை மணக்கலாம். அது இறைவனின் கட்டளை.

இதைத் தாங்க முடியாமல் எழுந்தவர் வில்லியம் லா. திருச்சபையின் தலைமை மூவரில் ஒருவராக, ஜோசப் ஸ்மித்தின் ஆலோசகராக இருந்தவர். தனியாகப் பேசிப் பார்த்தார்; மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினார். 1844 ஏப்ரலில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஜூன் 7 அன்று தன் கூட்டாளிகளோடு 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார். அதுவே கடைசி இதழ்.

அந்த இதழைப் படித்தால் ஒன்று முகத்தில் அறையும். அதை எழுதியவர்கள் விசுவாசிகள். ஜோசப் ஸ்மித் ஆதியில் போதித்த மதம் உண்மையானது என்று நாங்கள் நம்புகிறோம் என்று முதலிலேயே சொல்கிறார்கள். பிறகு மூன்று பேர் உறுதிமொழி எடுத்து எழுதிய வாக்குமூலங்கள்: வில்லியம் லா, அவர் மனைவி ஜேன், ஆஸ்டின் கவுல்ஸ். பலதார மணத்துக்கான வெளிப்பாட்டைத் தாங்கள் வாசித்ததாகவும் வாசிக்கக் கேட்டதாகவும் சொன்னார்கள். கடல் கடந்து நம்பி வரும் இளம்பெண்கள் எப்படி ரகசியமாக இதற்கு இணங்கவைக்கப்படுகிறார்கள் என்று கோபத்தோடு எழுதினார்கள். மதமும் அரசும் ஒரே கையில் இருக்கக் கூடாது, நாவூவின் சாசனத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்றார்கள். நடை மிகையானது, சில இடங்களில் வசைபோலவே இருக்கிறது. சாரம் உண்மை.

அது உண்மை என்று இன்று சொல்வது எதிரிகள் மட்டும் அல்ல. இந்த இதழ் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், எனக்கு ஏழு மனைவிகள் என்று குற்றம் சாட்டுகிறார்கள், நான் பார்த்தால் ஒருவரைத்தான் காண முடிகிறது என்று ஜோசப் ஸ்மித் மக்கள் முன் பேசியிருந்தார். 2014இல் திருச்சபையே வெளியிட்ட கட்டுரை, கவனமான மதிப்பீடுகளின்படி அவர் மணந்த பெண்கள் 30 முதல் 40 வரை என்கிறது. அவர்களில் மிக இளையவர் பதினைந்து வயதை எட்டச் சில மாதங்கள் இருந்த சிறுமி.

சோளக்காட்டில் தாள்களின் மேல் படுத்துக் கிடந்த மேரி எலிசபெத்தும் அந்தப் பெண்களில் ஒருவர். 1842 பிப்ரவரியில், ஏற்கெனவே ஆடம் லைட்னரின் மனைவியாக இருந்த நிலையில், ஜோசப் ஸ்மித்தோடு ரகசியத் திருமணச் சடங்கு நடந்தது. இதற்குச் சம்மதிக்காவிட்டால் உருவிய வாளோடு வந்த தேவதூதன் தன்னை அழித்துவிடுவான் என்று தீர்க்கதரிசி சொன்னதாக 1905இல், முதிய வயதில், அவரே மேடையில் நின்று சொன்னார். நம்பிக்கையோடுதான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. எனக்கோ அந்த உரையைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. வெளியிலிருந்து வந்த கூட்டத்திடமிருந்து அந்தத் தாள்களைக் காப்பாற்றிய பெண்ணுக்கு உள்ளே ஒரு பாதுகாப்பு இல்லாமல் போனது. அவரைப் போன்றவர்களுக்காகப் பேசிய ஒரே பத்திரிகையும் ஓர் இதழோடு நொறுங்கியது.

நகர மன்றம் இரண்டு நாள் விவாதித்தது. பொதுத்தொல்லை என்று அறிவித்தால் அச்சகத்தை அழிக்கலாம் என்று சட்ட நூலைப் புரட்டிக் காட்டினார்கள். ஜூன் 10 இரவு, உத்தரவுப்படி அச்சகம் அழிக்கப்பட்டு எழுத்துகள் சிதறடிக்கப்பட்டன என்று நகர மார்ஷல் எழுதிக் கொடுத்தார். மிசூரியில் தன் மக்களின் அச்சகம் உடைந்தபோது அது எத்தகைய அநீதி என்று பக்கம் பக்கமாக மனு எழுதியவர்கள் இவர்கள். அந்த வலி தெரிந்த கையே இந்த உத்தரவில் கையெழுத்திட்டது என்பதை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடியது. பக்கத்து ஊரில் 'வார்சா சிக்னல்' பத்திரிகை நடத்திய தாமஸ் ஷார்ப், போரும் அழிப்பும் தவிர்க்க முடியாதவை, குடிமக்களே எழுங்கள் என்று எழுதினார். கருத்துச் சொல்லும் நேரம் போய்விட்டது, இனி வெடிமருந்தால் சொல்லுங்கள் என்ற தொனியில் அவர் எழுதியது எந்த வகையிலும் விமர்சனம் ஆகாது. ஆளுநர் பாதுகாப்புக்கு வாக்குக் கொடுத்ததை நம்பிக் கார்தேஜ் சிறைக்குப் போனார் ஸ்மித். ஜூன் 27 மாலை, முகத்தில் கரி பூசிய கூட்டம் படியேறி வந்தது. அண்ணன் ஹைரம் கதவின் வழியே பாய்ந்த குண்டில் செத்தார். கையில் இருந்த சிறு துப்பாக்கியால் சில முறை சுட்டுவிட்டு, ஜன்னல் வழியே குதிக்க முயன்ற ஜோசப் குண்டடி பட்டு வெளியே விழுந்தார். வயது 38. ஷார்ப் உட்பட ஐந்து பேர் மறு ஆண்டு விசாரிக்கப்பட்டார்கள். எல்லோரும் விடுதலை.

அந்த மாலையோடு வில்லியம் லாவின் கேள்விகள் செத்தன. பொய் சொன்னாரா இல்லையா என்று கேட்கப்பட வேண்டிய மனிதர் தியாகியானார். கேட்ட மனிதர் துரோகியானார். திருச்சபையின் நினைவில் நீண்ட காலம் லாவின் பெயர் யூதாஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எக்ஸ்பாசிட்டர் சொன்னது என்ன என்று திறந்து பார்க்க விசுவாசிகளில் பலருக்கு மனம் வரவில்லை. அதைப் படிப்பது கொலைகாரர்களோடு சேருவதுபோல இருந்தது. 1852 ஆகஸ்டில், யூட்டாவின் பாலைவனத்தில் பாதுகாப்பாக அமர்ந்த பிறகுதான் பலதார மணத்தைத் திருச்சபை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

பிறகு எதிர்ப்பு வாஷிங்டனுக்கு மாறியது. 1856இல் குடியரசுக் கட்சி தன் அறிக்கையில் பலதார மணத்தையும் அடிமை முறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று எழுதியது. 1862, 1882, 1887 என்று சட்டங்கள் இறுகின. இவற்றில் 1879ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்தியரான நமக்குத் தனியாகப் படிக்க வேண்டியது. ஜோசப் ஸ்மித்துக்குப் பின் திருச்சபைக்குத் தலைவரான பிரிகம் யங்கின் செயலாளர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ், மத சுதந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே வழக்கில் நின்றார். தோற்றார். நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது, செயலில் தலையிடலாம் என்று தலைமை நீதிபதி வெய்ட் எழுதினார். எடுத்துக்காட்டுக்கு அவர் கை நீட்டியது நம் பக்கம்: இறந்த கணவனின் சிதையில் எரிவது தன் கடமை என்று ஒரு மனைவி மதப்படி நம்பினால், அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லையா?

கேள்வி சரியானது. சதியைத் தடுத்த 1829ஆம் ஆண்டுச் சட்டத்தை வேண்டாம் என்று நம்மில் யார் சொல்வோம்? ஆனால் அதே தீர்ப்பில், பலதார மணம் வட, மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு எப்போதும் அருவருப்பானது, மார்மன்கள் வரும்வரை அது பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வாழ்க்கைக்கே உரியதாக இருந்தது என்ற வரியும் இருக்கிறது. பெண்ணுக்கு நேரும் தீங்கைச் சுட்டிக்காட்டியே அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியிருக்கலாம். ஆசியர் வழக்கம் என்று சொன்னதும் வாதம் வலுப்பெற்றுவிட்டதாக நினைத்தார்கள்.

பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொன்னவர்கள் அவர்களை நடத்திய விதமும் அப்படித்தான். யூட்டா பெண்கள் 1870இலேயே வாக்குரிமை பெற்றிருந்தார்கள்; அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு அது வந்தது 1920இல். 1887ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் திருச்சபையின் சொத்துகளைப் பறித்ததோடு யூட்டா பெண்கள் எல்லோருடைய வாக்குரிமையையும் பறித்தது. பலதார மணத்தில் இருந்தவர், இல்லாதவர், அதை எதிர்த்தவர் எல்லோரும் இழந்தார்கள். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்த பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். இத்தனைக்கும், அந்த மண வாழ்க்கையை உள்ளிருந்து சொல்லப் பெண்கள் இருந்தார்கள். பிரிகம் யங்கின் மனைவிகளில் ஒருவரான ஆன் எலைசா 1873இல் விவாகரத்து வழக்குப் போட்டு, ஊர் ஊராக மேடையேறிப் பேசினார். கூட்டம் அலைமோதியது. அவர் சொன்ன துயரத்தை மக்கள் வேடிக்கையாகவும் கேட்டார்கள் என்பதே எனக்கு வருத்தம். 1890 செப்டம்பரில் திருச்சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் புதிய பலதார மணங்களைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896இல் யூட்டா மாநிலமானது. பெண்களின் ஓட்டும் திரும்பி வந்தது.

நம் ஊரையும் இந்தச் சர்ச்சை தொட்டுப் போனது. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மார்மன் ஊழியர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். பாதிரியார்களின் எதிர்ப்புக்குப் பதில் சொல்லப் பாலன்டைன் சென்னையிலேயே சிறு வெளியீடுகளை அச்சிட்டார். பெரிய பலன் இல்லை. 1850களின் நடுவிலேயே அந்தப் பணி ஓய்ந்தது.

மார்மன்கள் கையில் இரத்தம் படிந்த நாள் ஒன்றும் உண்டு. 1857 செப்டம்பர் 11. அதிபர் புக்கானன் அனுப்பிய ராணுவம் யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்த பதற்றத்தில், ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வண்டிகளில் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் மார்மன் படையினர் முற்றுகையிட்டார்கள். வெள்ளைக்கொடி காட்டி, பாதுகாப்பாக அனுப்புகிறோம் என்று சொல்லி ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, வரிசையாக நடக்கவிட்டுக் கொன்றார்கள். ஏறக்குறைய 120 பேர். 17 சிறு குழந்தைகள் மட்டும் விடப்பட்டார்கள். பழி பையூட் பழங்குடியினர் மேல் போடப்பட்டது. தண்டனை அடைந்தவர் ஜான் லீ ஒருவர். 1877இல் அதே புல்வெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விரட்டப்பட்டவர்களின் பயம்தான் இதற்குக் காரணம் என்று சிலர் விளக்குவார்கள். ஹான்ஸ் மில்லின் நினைவு அவர்களுக்குள் எரிந்துகொண்டிருந்தது என்பதை நான் ஏற்கிறேன். வெள்ளைக்கொடியை நம்பி நடந்த பெண்களுக்கு அந்த விளக்கம் எதுவும் செய்யாது.

இந்த உண்மையைத் தோண்டி எடுத்தவர் வெளியாள் அல்லர். ஜுவனிட்டா புரூக்ஸ், யூட்டாவின் தென்கோடியில் உள்ள செயின்ட் ஜார்ஜில் கல்லூரி ஆசிரியை, பிள்ளைகள் நிறைந்த வீட்டின் தலைவி, கடைசிவரை திருச்சபையை விடாத விசுவாசி. அவருடைய தாத்தாவே அந்தப் படுகொலைப் படையில் இருந்தவர். பக்கத்து வீட்டார் திடீரென்று வந்துவிட்டால் தெரியாமல் இருக்க, இஸ்திரி போட வேண்டிய துணிக்குவியலைத் தயாராக வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். புரூக்ஸின் நூல் வருவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்னால்தான், ஃபான் பிராடி என்ற பெண் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியதற்காகச் சபையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். பின்னாளில் திருச்சபையின் தலைவரான டேவிட் மெக்கேயின் தம்பி மகள் என்ற உறவுகூட பிராடியைக் காப்பாற்றவில்லை. அது தெரிந்துதான் புரூக்ஸ் எழுதினார். 1950இல் நூல் வந்தது. தான் சேர்ந்த திருச்சபைக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் தகாது என்பது அவர் நிலைப்பாடு. சபை அவரை நீக்கவில்லை; ஊர் நெடுநாள் முகம் கொடுக்கவில்லை.

வில்லியம் லாவுக்குக் கிடைக்காத ஒன்று புரூக்ஸுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன்: அவர் பேசியபோது வெளியே கொலைக் கூட்டம் நிற்கவில்லை. அதனால் அவர் சொன்னதை எதிரியின் குரல் என்று தள்ளிவிடுவது கடினமாக இருந்தது. இன்று திருச்சபையை விட்டு வெளியேறி எழுதுபவர்கள், உள்ளேயே இருந்து ஆவணங்களைக் கேட்பவர்கள், எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களுக்கும் அவற்றின் மொழிபெயர்ப்பு என்று ஜோசப் ஸ்மித் கொடுத்ததற்கும் தொடர்பில்லை என்று காட்டியவர்கள் எல்லோரும் புரூக்ஸ் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

நூலுக்காகத் திருச்சபைத் தலைமையிடம் இருந்த சில பழைய வாக்குமூலங்களைப் பார்க்க அனுமதி கேட்டார் புரூக்ஸ். மறுத்துவிட்டார்கள். அவர் 1989இல் காலமானார். 2007இல், படுகொலையின் 150ஆம் ஆண்டில், அதே புல்வெளியில் கூடியிருந்த இறந்தவர்களின் வழித்தோன்றல்கள் முன்னால் திருச்சபையின் அப்போஸ்தலர் ஹென்றி ஐரிங் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். பையூட் மக்கள் மேல் போட்ட பழிக்கும் தனியாக வருத்தம் சொன்னார். அடுத்த ஆண்டு திருச்சபையின் வரலாற்றாளர்களே அந்த நாளைப் பற்றி முழு நூல் எழுதினார்கள். 2009இல், புரூக்ஸுக்கு மறுக்கப்பட்ட அந்த வாக்குமூலங்களும் அச்சில் வந்தன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.